திருவுளச்சீட்டு

எங்கள் ஊர்ச் சர்ச்சில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு தட்டு வரும். காணிக்கைத் தட்டு முன்னாடியே போயிருக்கும், இது வேறு. விசிட்டிங் கார்டு அளவு அட்டைகள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம், ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ அல்லது நீர்வீழ்ச்சி. கண்ணை மூடி, மனசுக்குள் ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உனக்கென்று வைத்திருக்கும் வாக்குத்தத்தம் அது.

ஆச்சி ஒன்றோடு நிறுத்தமாட்டாள். தனக்கு ஒன்று, துபாயில் இருந்த சித்தப்பாவுக்கு ஒன்று, சென்னையில் இருந்த அத்தைக்கு ஒன்று, கோபித்துக்கொண்டு சர்ச்சுக்கே வராத பெரியப்பாவுக்கு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் யார் யாருக்கு என்ன வசனம் என்று ஒரு நோட்டில் எழுதுவாள். அதே நோட்டில்தான் அவள் தினமும் விடியற்காலையில் ஜெபிக்கிற பெயர்ப் பட்டியலும் இருந்தது.

நான் பிளஸ் டூ படித்த வருஷம் எனக்கு வந்த வசனத்தில் 'கன்மலை' என்ற வார்த்தை இருந்தது. கன்மலை என்றால் பாறை, பாறை என்றால் கட்டடம், அதனால் சிவில் இன்ஜினியரிங்தான் தேவசித்தம் என்று சித்தப்பா போனில் விளக்கினார். கட்-ஆஃப் மார்க்குக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது. "அதுவும் தேவசித்தந்தாம்ல" என்று ஆச்சி சொல்லிவிட்டாள்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். பல வருஷம் செய்திருக்கிறேன். கடவுள் வசனங்களை ராண்டம் நம்பர் ஜெனரேட்டர் வழியாகவா அனுப்புவார் என்று கேட்டால் காலேஜ் ஹாஸ்டலில் சிரிப்பு வரும். ஆனால் இந்தக் கேள்வியைச் சிரிக்காமல், உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட ஒரு சமூகம் இருந்தது. கல்யாணம், வேலை, ஊர் எங்கே கட்டுவது, கடல் தாண்டி யாரை அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் சீட்டு எடுத்துப் பார்த்த சமூகம். மொராவிய சகோதரர்கள் என்று பெயர். வருஷக் கடைசி ராத்திரியில் கூடி ஜெபிக்கும் வழக்கமே 1733-இல் அவர்கள் ஊரில் தொடங்கியது என்று சொல்வார்கள். எங்கள் ஊர் அட்டை அவர்களிடமிருந்து நேராக வந்தது என்று நான் சொல்லவில்லை. தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

1722 ஜூன் மாதம், சாக்சனி நாட்டின் கிழக்கு ஓரத்தில், கிறிஸ்டியான் டாவிட் என்ற தச்சர் ஒரு மரத்தை வெட்டினார். பக்கத்து மொராவியாவில் கத்தோலிக்க ஆட்சியின் நெருக்கடியிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்களை அவர்தான் எல்லை தாண்டிக் கூட்டி வந்திருந்தார். நிலம் நிக்கோலாஸ் சின்சன்டார்ஃப் என்ற 22 வயதுப் பிரபுவுடையது. அங்கே எழுந்த ஊருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வந்தது. 'கர்த்தரின் காவல்' என்று பொருள் சொல்லலாம்.

இந்தப் பிரபுவுக்கும் தமிழுக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. 1710 முதல் 1716 வரை அவர் ஹாலே நகரில், ஃபிராங்கே நடத்திய பள்ளியில் படித்தார். தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவை அனுப்பிய பக்தி இயக்கத்தின் தலைமையகம் அது. தரங்கம்பாடியிலிருந்து வரும் கடிதங்கள் அங்கே வாசிக்கப்படும். 1714-இல் சீகன்பால்கு விடுப்பில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூடப் போனார். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது. கடல் தாண்டி இருப்பவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பள்ளிப் பையனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதிலில் நம் கடற்கரை மணலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஹெர்ன்ஹூட் முதல் ஐந்து வருஷம் சொர்க்கமாக ஒன்றும் இல்லை. லூத்தரன்கள், சீர்திருத்தச் சபையார், எந்தச் சபையிலும் சேராதவர்கள் என்று சில நூறு பேர். எல்லாருக்கும் ஒரு கொள்கை, எல்லாருக்கும் ஒரு கோபம். ஒருவர் சின்சன்டார்ஃபையே வெளிப்படுத்தல் புத்தகத்தில் வரும் மிருகம் என்று அறிவித்தார். இடம் கொடுத்த ஆளை! கடைசியில் 1727-இல் பிரபு அரண்மனை உத்தியோகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்ப் பேசினார். மே மாதம் ஊருக்கு ஒரு ஒப்பந்தம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து பெர்தெல்ஸ்டார்ஃப் கோயிலில் நற்கருணை எடுக்கும்போது, ஆண்டுக்கணக்கில் பேசாதவர்கள் அழுது ஒப்புரவானார்கள். மொராவியர்கள் இன்றைக்கும் அதைத் தங்கள் பெந்தெகொஸ்தே நாள் என்கிறார்கள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27-இல், 24 ஆண்களும் 24 பெண்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நாளின் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் பங்கு நேரத்தில் பிறருக்காக மன்றாட வேண்டும். பலிபீடத்தின் நெருப்பு அணையக்கூடாது என்ற லேவியராகமக் கட்டளைதான் முன்மாதிரி. ஒருவர் நிறுத்தும் இடத்தில் அடுத்தவர் தொடங்குவார். இந்தச் சங்கிலி நூறு ஆண்டுகளுக்கு மேல் அறுபடவில்லை என்று சபை வரலாறு சொல்கிறது. சர்வர் அப்டைம் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் அந்தக் கணக்கை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் ராத்திரி 2 மணிக்கு யாரோ ஒரு நெசவாளி எழுந்து, தன்னோடு சண்டை போட்டவரின் பெயரைச் சொல்லி ஜெபித்த ராத்திரிகள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கின்றன. அது போதும்.

ஆக அந்த ஊரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, கடவுளிடம் பிறருக்காகக் கேட்பது. இன்னொன்று, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கடவுளையே கேட்பது. இரண்டாவதுக்கு ஒரு கருவி இருந்தது.

*

தமிழில் அந்தக் கருவிக்கு 'திருவுளச்சீட்டு' என்று அழகான பெயர் உண்டு. கடவுளின் உள்ளம் சீட்டில் வெளிப்படும். கோயிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது நமக்குத் தெரியும். வேதாகமத்திலும் இது ஏராளம். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தது சீட்டில்தான். அதற்குப் பின் அப்போஸ்தலர் புத்தகத்தில் யாரும் சீட்டுப் போடவில்லை. பரிசுத்த ஆவி வந்த பிறகு எதற்குச் சீட்டு என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

மொராவியர்களிடம் பொதுவாக மூன்று சீட்டுகள் இருந்தன. ஆம், இல்லை, வெற்று. காகிதத்தைச் சுருட்டிச் சின்னக் குழாய்களுக்குள் வைத்து, ஒரு மரக் கிண்ணத்தில் போட்டு, ஜெபித்துவிட்டு எடுப்பார்கள். வெற்றுச் சீட்டு வந்தால் 'இப்போது இல்லை' அல்லது 'கேள்வியே சரியில்லை'. எனக்கு இந்த மூன்றாவது சீட்டின்மீது மரியாதை உண்டு. நாம் எழுதும் புரோகிராம்களில்கூட 'இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை' என்பதற்கு இடம் விடாமல்தான் முக்கால்வாசிப் பிரச்சினை வருகிறது.

சும்மா விளையாட்டுக்கு இல்லை. 1730-இல் பெண்களின் தலைமை மூப்பராக அன்னா நிட்ச்மான் சீட்டில் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 14. குடியானவர் வீட்டுப் பெண். பிரபுக்களின் ஐரோப்பாவில் வேறு எந்த முறையில் இது நடந்திருக்கும்? சீட்டுக்கு அந்தஸ்து தெரியாது என்பது அதன் பெரிய குணம். 1741-இல் லண்டனில் கூடி, சபை முழுவதற்கும் தலைமை மூப்பராக யாரை வைக்கலாம் என்று பெயர் பெயராகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் அந்தப் பதவியை கிறிஸ்துவுக்கே விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். ஆம் வந்தது. அதிலிருந்து அந்த நாற்காலி காலி. போப்பாண்டவர் மாதிரி ஒருவர் உருவாகாமல் தடுக்க இதைவிட நல்ல தந்திரம் கிடையாது. அவர்கள் தந்திரம் என்று நினைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

வட கரோலினாவில் அவர்கள் வாங்கிய நிலத்தில் தலைநகர் எங்கே அமைய வேண்டும் என்றும் கேட்டார்கள். இடம் இடமாக 'இல்லை' வந்துகொண்டே இருந்தது. 1765 பிப்ரவரி 14-இல் ஒரு இடத்துக்கு 'ஆம்' வந்தது. அங்கே எழுந்ததுதான் சேலம். (நம்ம சேலம் இல்லை.)

கல்யாணத்துக்கு வந்தபோதுதான் சிக்கல். ஒருவர் மணக்க விரும்பினால் மூப்பர் குழுவிடம் சொல்ல வேண்டும். குழு சீட்டுப் போடும். ஆம் வந்தால் பெண்ணிடம் கேட்பார்கள், அவள் மறுக்கலாம். இல்லை வந்தால் முடிந்தது கதை. மறுக்கும் உரிமை மனிதர்களுக்கு இருந்தது. வற்புறுத்தும் உரிமை இல்லை. காதலித்தவர்கள் சபையை விட்டே போனார்கள். இளைஞர்களின் முணுமுணுப்பு பெருகிப் பெருகி, 1818-இல் கூடிய பொதுச்சங்கம் சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. 1889-இல் சீட்டு முற்றிலும் கைவிடப்பட்டது.

*

மொராவியர் அல்லாத ஒருவர் இந்தக் கருவியைக் கடன் வாங்கிய கதை ஒன்று உண்டு. சீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிகவும் மனிதத்தனமான கதை அதுதான்.

மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி, 1736-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் பாதிரியாராகப் போனார். கப்பலில் புயல். ஆங்கிலேயர்கள் அலற, மொராவியர்கள் நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லி அசந்துபோனார். சவானா ஊரில் அவர்களோடு நெருங்கிப் பழகினார். அங்கே சோஃபியா ஹாப்கி என்ற 18 வயதுப் பெண் அவரிடம் பாடம் கேட்க வந்தாள். ஊர் நீதிபதியின் உறவுப் பெண். வெஸ்லிக்கு 33. காதலா, கடமையா என்று மாதக்கணக்கில் தத்தளித்தார். டைரி டைரியாக எழுதினார். மொராவிய மூப்பர்களிடம் யோசனை கேட்டார்.

1737 மார்ச் 4-இல் தன் நண்பர் சார்ல்ஸ் டெலமோட்டோடு உட்கார்ந்து மூன்று சீட்டு எழுதினார். ஒன்றில் மணந்துகொள் என்று. இரண்டாவதில் இந்த வருஷம் நினைக்காதே என்று. மூன்றாவதில் இனி இதைப் பற்றி நினைக்கவே நினைக்காதே என்று. டெலமோட் எடுத்தார். வந்தது மூன்றாவது.

கவனித்தீர்களா? மூன்றில் இரண்டு 'வேண்டாம்'. நாணயத்தைச் சுண்டியிருந்தால்கூட அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். சீட்டை எடுத்த டெலமோட்டுக்கு இந்தக் கல்யாணம் ஆரம்பம் முதலே பிடிக்காது. டெலமோட் ஏமாற்றினார் என்று நான் சொல்லவரவில்லை. ஏமாற்றத் தேவையே இல்லை. எழுதும்போதே பாதி பதில் எழுதியாயிற்று.

மார்ச் 12-இல் சோஃபியா வில்லியம்சன் என்பவரை மணந்துகொண்டாள். கடவுள் சொன்னதை ஏற்றுக்கொண்ட மனிதர் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? வெஸ்லி குமைந்தார். ஆகஸ்டில் அவளுக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். ஒழுங்கு விதி என்றார். ஊர் நம்பவில்லை. அவதூறு வழக்கு, 10 குற்றச்சாட்டுகள். டிசம்பரில் இருட்டோடு இருட்டாக ஜார்ஜியாவை விட்டுக் கிளம்பினார். சோஃபியா தன் பக்கத்தை டைரி எழுதி வைக்கவில்லை. கிண்ணத்துக்குள் தன் வாழ்க்கை சுருட்டிப் போடப்பட்டது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்காது.

*

இனி, தமிழ்ப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கதைக்கு வருகிறேன். இரண்டு மொராவிய வாலிபர்கள் அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்வதற்காகத் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டார்கள் என்பது. சின்ன வயதில் கேட்டு நானும் கண் கலங்கியிருக்கிறேன். நடந்தது வேறு. எனக்கு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

1731-இல் டென்மார்க் அரசரின் முடிசூட்டு விழாவுக்குப் போன சின்சன்டார்ஃப், கோபன்ஹேகனில் ஆன்டன் என்ற கறுப்பின மனிதரைச் சந்தித்தார். கரீபியன் கடலில் டேனிஷ் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவில் அடிமையாயிருந்து, ஒரு பிரபுவின் பணியாளாக அங்கே கொண்டுவரப்பட்டவர். தீவில் தன் சகோதரி அன்னா இருக்கிறாள், அவள் கடவுளை அறிய ஏங்குகிறாள், சொல்லத்தான் ஆளில்லை என்றார். பின்னர் ஆன்டனே ஹெர்ன்ஹூட்டுக்கு வந்து சபை முன்னால் பேசினார். அங்கே வருகிறவர் அடிமைகளோடு அடிமையாக இருந்தால்தான் பேச முடியும் என்றும் சொன்னார்.

லியோன்ஹார்ட் டோபர் என்ற குயவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவருடைய நண்பர் டோபியாஸ் லியூபோல்டுக்கும் அப்படியே. அடிமையாகத்தான் போகவேண்டும் என்றால் அதற்கும் தயார் என்று டோபர் எழுதிக் கொடுத்தார். விற்றுக்கொண்டார்கள் என்ற கதையின் விதை இதுதான். சபை உடனே அனுப்பிவிடவில்லை. ஒரு வருஷம் காக்க வைத்தது. அந்த ஒரு வருஷமும், கேள்விப்பட்டதைத் தவிர எதுவும் தெரியாத ஒரு பெண்ணின் பெயர், 24 மணி நேரமும் ஜெபம் நடந்த ஓர் ஊரில் இருந்துகொண்டே இருந்தது. மன்றாட்டு ஜெபம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு பெயரை மறக்கவிடாது.

1732-இல் சீட்டு எடுத்தார்கள். லியூபோல்டுக்கு இப்போது வேண்டாம் என்று வந்தது. டோபருக்கு, இந்தப் பையனைப் போகவிடு என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. டோபரும் டேவிட் நிட்ச்மான் என்ற தச்சரும் ஆகஸ்டில் கிளம்பி டிசம்பரில் தீவை அடைந்தார்கள். அடிமையாவது நடக்காத காரியம் என்று கோபன்ஹேகனிலேயே தெரிந்துவிட்டது. தச்சருக்கு வேலை கிடைத்தது. குயவருக்கு அந்தத் தீவில் தகுந்த களிமண் இல்லை! டோபர் கொஞ்ச காலம் ஆளுநர் வீட்டில் பணியாளாக இருந்து, அது பிடிக்காமல் விலகினார். ஆன்டனின் சகோதரியைத் தேடிப்போய் அண்ணன் கொடுத்த கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள். அவ்வளவுதான். பிரசங்கத்தில் சொல்லத்தக்க உச்சக்காட்சி எதுவும் இல்லை.

லியூபோல்டு பின்னர் பக்கத்துத் தீவான செயின்ட் குரோயிக்ஸுக்கு ஒரு குழுவோடு போனார். அங்கே காய்ச்சலில் அவரும் பலரும் இறந்தார்கள். சீட்டு முதலில் தடுத்தது இதற்காகத்தானா, அல்லது தடுத்தும் கேட்காததுதான் தவறா? இப்படி யோசிக்கத் தொடங்கினால் முடிவே இல்லை. நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. 1760-இல் மொராவியர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஹாலே மிஷனரிகளுக்கு அவர்கள் வரவு பிடிக்கவில்லை. நிக்கோபார் தீவுகள்தான் அவர்களின் இலக்கு. 1768 முதல் 1787 வரை அங்கே முயன்றார்கள். பத்துப் பேருக்கும் மேல் நிக்கோபார் மண்ணில் புதைக்கப்பட்டார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பிய பலரும் பிழைக்கவில்லை. ஹென்சல் என்பவர் கடைசியில் போய், மிச்சமிருந்த சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்தார்.

*

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு ஒருவகையில் பிடித்த கதைகள். பிடிக்காத ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

செயின்ட் தாமஸில் மிஷனுக்கு ஆதரவாக நூற்றுக்கணக்கான அடிமைகள் வந்தார்கள். தோட்ட முதலாளிகள் எதிர்த்தார்கள். மிஷன் காலூன்ற நிலம் வேண்டும். 1738 வாக்கில் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள், அதில் வேலை செய்த அடிமைகளோடு சேர்த்து. அடிமையாகவும் தயார் என்று கிளம்பிய டோபரின் மிஷன் ஆறே வருஷத்தில் எஜமான் ஆயிற்று. 1739-இல் அங்கே வந்த சின்சன்டார்ஃப், எஜமான்களுக்கு உண்மையாக இருங்கள், அடிமைத்தனமும் கடவுள் விதித்ததுதான் என்று அந்த மக்களிடமே பேசினார்.

முப்பது வருஷம் கழித்து, வட கரோலினா. சேலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சமயம். 1769-இல் சாம் என்ற அடிமை இளைஞரைச் சபை விலைக்கு வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. மூப்பர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில், பயபக்தியோடு, ஜெபித்து, சீட்டு எடுத்தார்கள்.

ஆம் என்று வந்தது.

பொய்ச் சாமியார் யாரும் இந்தக் கதையில் இல்லை. ஏமாற்று இல்லை. அவர்கள் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது மனசாரக் கடவுளைத் தேடினார்கள் என்று நம்புகிறேன். கேட்ட கேள்வி, இந்த மனிதரை வாங்கலாமா. மனிதரை வாங்கலாமா என்று கேட்கவில்லை. 'இந்த' என்ற ஒரு சொல் கூடியதும் மூன்று சீட்டுகளும் அந்தச் சொல்லுக்கு உள்ளேயே விழுந்துவிட்டன. இல்லை என்று வந்திருந்தாலும் என்ன? அடுத்த ஆளைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். கேள்வியே சரியில்லை என்று சொல்லும் வெற்றுச் சீட்டும் அதே முறையில்தான் இருந்தது. ஆனால் அதைத் தற்செயல் சொல்ல முடியாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெஸ்லியின் கதையில் கேள்வி எழுதியவரே வெந்துபோனார். இங்கே எழுதியவர்கள் ஒரு பக்கம், பலனை அனுபவித்தவர் இன்னொரு பக்கம். கடவுள் சம்மதித்துவிட்டார் என்று பதிவேட்டில் ஏறிய பிறகு, சாம் யாரிடம் போய் முறையிடுவார்?

1771-இல் சாம் ஞானஸ்நானம் பெற்றார். யோஹான் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள். வெள்ளையரோடு ஒரே கோயிலில் உட்கார்ந்தார், சகோதர முத்தம் பெற்றார். அந்தக் காலத் தெற்கு அமெரிக்காவில் அது நினைத்துப் பார்க்க முடியாதது. ஜெபங்களில் அவர் பெயரும் சொல்லப்பட்டிருக்கும். ஜெபத்தில் சகோதரன், கணக்குப் புத்தகத்தில் சொத்து. அடுத்த தலைமுறையில் அந்தச் சமத்துவமும் கரைந்தது. கல்லறைகள் பிரிந்தன. 1822-இல் சேலத்தில் கறுப்பின மக்களுக்கென்று தனிச் சபையே அமைத்துவிட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் சுவர் ஓடும் கல்லறைத் தோட்டங்கள் நமக்கும் தெரியும்.

*

கல்யாணச் சீட்டும் நிலச் சீட்டும் போய்விட்டன. ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. 1728-இல் சின்சன்டார்ஃப் ஒரு மாலைக் கூட்டத்தில் மறுநாளுக்கான வசனம் ஒன்றைக் கொடுத்தார். அடையாளச் சொல் மாதிரி. 1731-இலிருந்து வருஷம் முழுவதற்குமான வசனங்கள் புத்தகமாக வருகின்றன. ஹெர்ன்ஹூட்டில் ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்கள் இருக்கும். மூன்று வருஷம் முன்கூட்டியே ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று எடுப்பார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஒருவர் உட்கார்ந்து, யோசித்துத் தேர்வு செய்வார். பாதி சீட்டு, பாதி மனித புத்தி. நீண்ட அனுபவத்துக்குப் பிறகு வந்த நல்ல சமரசம் என்று எனக்குத் தோன்றும்.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் இந்தப் புத்தகத்தைத் தினமும் வாசித்தவர். 1939 ஜூனில் அவர் நியூயார்க்கில் இருந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிக்க நண்பர்கள் வேலையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அறையில் தனியாக, திரும்பிப் போகலாமா என்று புழுங்கினார். ஜூன் 26-இல், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்ளும் வசனம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அது நாள் முழுவதும் தன்னைத் தொடர்ந்ததாக டைரியில் எழுதினார். ஜூலையில் கப்பல் ஏறினார். 1945 ஏப்ரல் 9-இல் ஃப்ளோசன்பியூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இந்தக் கதையை வசனம் வழிகாட்டிய சாட்சியாகச் சொல்வார்கள். தேதிகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அமெரிக்க வேலை வேண்டாம் என்று அவர் சொன்னது ஜூன் 20-இல். வசனம் வந்தது ஆறு நாள் கழித்து. தன் மக்கள் படப்போகும் பாட்டில் பங்கெடுக்காமல், பிறகு அவர்களை மீட்டெடுப்பதில் தனக்கு உரிமை இருக்காது என்று யோசித்து, தான் விரும்பாத பதிலை ஏற்கெனவே தேர்ந்திருந்தார். தனக்குச் சாதகமான கேள்வியை எழுதிக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. உயிரோடு இருந்து சேவை செய்யட்டுமா என்று கேட்டிருந்தால் எத்தனை வசனம் வேண்டுமானாலும் ஆம் சொல்லியிருக்கும்.

*

ஆச்சி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அலமாரியில் அந்த நோட்டு கிடைத்தது. ஒரே நோட்டு இல்லை, ஏழெட்டு. வருஷம் வாரியாக வசனங்கள். நான் வேலையில்லாமல் இருந்த எட்டு மாதமும் என் பெயருக்கு எதிரே சின்னச் சின்ன சிலுவைக் குறி. அன்றன்றைக்கு ஜெபித்ததற்கு அடையாளம் போல. எனக்கு இது தெரியவே தெரியாது. அந்த மாதங்களில் போன் பண்ணும்போதெல்லாம் "சாப்ட்டியா" என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்டதில்லை.

பட்டியலில் எங்களுக்குக் கீழே, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அக்காவின் பெயர் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வந்தவர். ஒரு நோட்டிலும் விடுபடவில்லை. மகள் படிப்புக்கு, புருஷன் குடியை விட, மூட்டு வலிக்கு என்று காரணங்களும் எழுதியிருந்தன. சில வருஷங்களில் டிசம்பர் 31 ராத்திரி அவருக்கும் ஒரு அட்டை எடுத்திருக்கிறாள். அட்டையை மறுநாள் அவரிடம் கொடுப்பாள். அவர் இந்துதான், ஆனாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். அது எனக்கு நினைவிருக்கிறது.

பின்வாசல் திண்ணையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருப்போம், அந்த அக்காவுக்கென்று. அடியில் நகத்தால் கீறினது மாதிரி ஒரு அடையாளம் இருக்கும், மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணியிருந்தார்கள். டம்ளர் எங்கே போனது என்று அம்மாவிடம் கேட்டேன். "எந்த டம்ளரு?" என்றாள்.